கண்டி மினிபஸ்ஸில் வந்த அண்ணாவுக்கு நன்றி

போன வெள்ளிக்கிழமை காலை திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போன மினிபஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அண்ணா, இது உங்களுக்குத்தான்.

நானும் அம்மாவும் தம்பலகாமம் சந்தியில் ஏறியபோதே பஸ் நிறைந்துவிட்டது. கால் வைக்க இடமில்லை. கொண்டக்டர் மட்டும் "உள்ளுக்கு இடம் இருக்கு, உள்ளுக்குப் போங்கோ" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் தெரிந்த இடம் போல! அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நீங்கள் கேட்காமலே எழும்பி, "அம்மா, இதில இருங்கோ" என்றீர்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எல்லாம் தாண்டியும் நின்றபடியேதான் வந்தீர்கள். எங்கள் பெரிய பையையும் கால்களுக்கு இடையில் வைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். மாத்தளைப் பக்கம் அம்மாவுக்குத் தலை சுற்றியபோது ஒரு தேசிக்காயை மணக்கக் கொடுத்தீர்கள். வாந்தி வரவில்லை.

கண்டியில் இறங்கியதும் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ எங்களை நுவரெலியா பஸ்ஸில் ஏற்றி, றம்பொடையில் லொட்ஜுக்குப் போகும் வளைவில் இறக்கிவிடச் சொல்லி சாரதியிடம் சிங்களத்தில் பேசிவிட்டே போனீர்கள். பெயர் கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

லொட்ஜில் அம்மா இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு, நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி தேத்தண்ணீர் குடித்தார். திருகோணமலை வெயிலில் இருந்து போனவர்களுக்கு அந்தக் குளிரே ஒரு மருந்து. "அந்தத் தம்பி நல்லா இருக்கோணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அதை உங்களிடம் சேர்க்க எனக்கு வேறு வழியில்லை, அண்ணா.