பேடாவுக்கு என்னதான் வேண்டுமாம்?

காட்பாடி
ஆடி கடைசி வெள்ளி

அன்புள்ள சுமதி,

இங்கே எல்லாரும் நலம். அவருக்குச் சர்க்கரை பழையபடிதான், அத்தைக்கு முட்டிவலி, எனக்கு வாய் கூடிவிட்டது என்று வீட்டில் பேச்சு. நீ அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்கு நான் பதில் போடுவதில்லை என்று விஜயாவிடம் புகார் சொன்னாயாம். சரி, மொத்தமாகச் சேர்த்து இப்போது எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு உட்கார். முழுக்க ஒரு பூனைக்குட்டியைப் பற்றித்தான்.

ஆமாண்டி, நான்தான். ஹாஸ்டலில் பூனை வந்தால் கட்டில்மேல் ஏறி நின்று உன்னைக் கூப்பிட்ட அதே ஆள்தான்.

அவர் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். தாயைக் காணோம், நாய்கள் சுற்றி வந்தன, பாவமாக இருந்தது என்றார். மனிதர் முப்பது வருஷத்தில் என்னைப் பாவம் என்று சொன்னதில்லை, அது வேறு கதை. செம்பழுப்பு நிறம், அதனால் ஆற்காடு மக்கன் பேடா ஞாபகம் வந்து பேடா என்று பெயர் வைத்துவிட்டார். அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, பூனை இனத்துக்கே இனிப்பு தெரியாதாம். நாக்கில் இனிப்பை உணர வைக்கிற மரபணுவே பழுதாம். வாயில் வைத்தாலும் ருசி தெரியாத பண்டத்தின் பெயரோடு அது வீடெல்லாம் திரிகிறது.

வந்த அன்றைக்கே அத்தை கிண்ணம் நிறையப் பால் வைத்தார். பூனை என்றால் பால் என்பதில் அவருக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. குடித்தது, வயிற்றால் போனது, என் நல்ல மிதியடியில். மறுபடி வைத்ததும் கிண்ணத்தைப் பார்த்தே பின்வாங்கியது. தெனாலிராமன் பூனை என்று அவர் சிரித்தார். ஆனால் அந்தப் பூனைக்கு வாய் சுட்ட பயம், இதற்கு வயிறே ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுப் பாலில் இருக்கிற லாக்டோஸ் பல பூனைகளுக்குச் செரிக்காது, வளர வளர இன்னும் மோசம். தெருவில் யாரிடம் கேட்டாலும் இன்னும் "பால் ஊத்துங்க, குடிக்கும்" என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, பாலை விட்டோம். கடையில் விற்கிற பாக்கெட் தீனி வாங்கினோம், குழம்போடு துண்டு துண்டாக இருக்குமே, அது. குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை வரிசையாகத் தட்டில் விட்டுவைத்தது. துண்டுகளை மசித்துக் கொடுத்தேன், கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டி மூடுகிற மாதிரி செய்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு வாசனையில் ஒன்று வாங்கினேன், வழித்து வழித்துத் தின்றது. அவர் சந்தோஷத்தில் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்து அடுக்கினார். மறுநாள் மோந்துகூடப் பார்க்கவில்லை! நம்ம பிஸ்கட் சார் விடைத்தாளைப் பார்த்ததும் ஒரு தினுசாக முகத்தைத் திருப்புவாரே, அதே திருப்பல்.

அப்புறம் மீன். நீ தூத்துக்குடியில் வாசலில் வரும் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு இருக்கிறாய். எங்கள் பாடு ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவதுதான். ஏரி மீன் விலை குறைவு, மகாராணி தொடமாட்டாள். சங்கரா என்றால் சரி. மீன்காரம்மா, "இன்னாம்மா, டெய்லி கால் கிலோ சங்கரா வாங்கினு போறே, வூட்ல யாருனா மாசமா கீறாங்களா?" என்று கேட்டாள். பூனைக்கு என்றதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வது? பச்சையாகப் போடு, அதுதான் சத்து என்றும் சொன்னாள். அது சரியில்லையாம், சில மீன்களைப் பச்சையாகவே தின்றுகொண்டிருந்தால் பி1 வைட்டமின் அழிந்துபோகும். வேகவைத்து, முள் எடுத்து, உப்பில்லாமல் கொடுக்க வேண்டும். முள் எடுப்பது யார்? நான்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு.

எங்கள் வீட்டு நிலவரம் உனக்குத் தெரியும். சனிக்கிழமை கிடையாது, அமாவாசை கிடையாது, கிருத்திகை கிடையாது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரமே அத்தை அடுப்பைக் கழுவிவிட்டார். இவர் ரத்தினகிரிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறார், நடு ஹாலில் பேடா கத்துகிறது. "நம்ம வூட்டுல வளர்ற உயிரு, ஒருநாள் தயிர்சாதம் தின்னா என்ன கெட்டுப்போச்சு" என்கிறார் அத்தை. நானும் வைத்துப் பார்த்தேன், தயிர்சாதத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தது. பூனையைச் சைவமாக்க முடியாது சுமதி. டாரின் என்று ஒரு சத்து இறைச்சி, மீன் மாதிரி அசைவத்தில்தான் இருக்கிறது, நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனைக்கு அது போதுமான அளவு முடியாது. நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். இதை அத்தையிடம் விளக்கினேன். "அப்போ பாவம் உனக்கு, புண்ணியம் எனக்கு" என்று ஒரு தீர்ப்பு வந்தது. ஆக, பின்கட்டில் பழைய குக்கர், தனி அடுப்பு, கோழியை முந்தின நாளே வேகவைப்பது, பிரிட்ஜில் வைக்கக்கூடாது என்று ஒரு சண்டை, கடைசியில் கீழ்த்தட்டில் மட்டும் வைக்கலாம் என்று ஒரு சமாதானம்.

பிரிட்ஜ் கோழியை அப்படியே வைத்தால் தொடவே தொடாது. டாக்டர்தான் காரணம் சொன்னார். பூனை நாக்கை நம்புவதில்லை, மூக்கை நம்புகிறது. நமக்கு நாக்கில் ஆயிரக்கணக்கில் சுவை மொட்டுகள், அதற்குச் சில நூறுதான். சில்லென்று இருக்கிற உணவில் வாசனை எழும்பாது. உடம்புச் சூட்டுக்கு, முப்பத்தெட்டு டிகிரி போல, கொண்டுவந்தால் எழும்பும். இப்போது கோழித் தட்டில் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றுகிறேன், ஆவி வந்ததும் சோபாவுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் முதலில் வெளியே வரும். ஆழமான கிண்ணம் வேண்டாம், தட்டையாக வை, தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே, ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, அரைமணியில் எடுத்துவிடு என்றும் சொன்னார். எடுக்காவிட்டால் நம்ம ஊர் எறும்புகள் சும்மா விடுமா? தட்டை இன்னொரு தண்ணித் தட்டில் வைத்தேன், அதில் கைவிட்டு விளையாடுகிறது.

நடுவில் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை வந்ததுதான் தாமதம், சங்கராவைத் தவிர வேறொன்றும் தொடாத மகாராணி திண்ணையில் ஏறி அத்தையின் தொன்னையில் முகத்தைப் புதைக்கப் போனாள். அத்தை ஆனந்தமாகக் கொடுக்கப் போக, நான் பிடுங்க, கூழ் கொட்ட, எதிர்வீட்டார் பார்க்க... உப்பு ஒரு பக்கம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கிற சாமான். அதைச் சொன்னால் "நீ எம்மா படிச்சிருந்தாலும்" என்று ஆரம்பிக்கிறார். மீதியை உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

இதுவரை வேடிக்கை. இரண்டு வாரம் முன்பு திடீரென்று எதையுமே தொடவில்லை. சங்கராவும் இல்லை, சூடான கோழியும் இல்லை. தட்டுவரை வரும், ஒரு துண்டை வாயில் எடுக்கும், கீழே போடும், தட்டையே பார்த்துக்கொண்டு உட்காரும். குட்டி ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று டாக்டர் முன்பே பயமுறுத்தி வைத்திருந்தார். சமையல் தராசில் வைத்தால் வாரத்துக்கு நூறு கிராம் ஏற வேண்டிய முள் அப்படியே நிற்கிறது. அன்று ராத்திரி அவரும் நானும் தூங்கவில்லை.

அப்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். அம்மாவின் கடைசி மாதங்களில் போனை எடுத்ததும் "இன்னிக்கு மூணு ஸ்பூன்" என்பாயே, வேறெதுவும் பேசமாட்டாயே. ஒரு ஜீவன் வாயைத் திறக்காமல் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்னவென்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது. பூனையை வைத்து அம்மாவைச் சொல்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. அம்மா கேட்டிருந்தால் அந்தக் குலுங்கல் சிரிப்பு சிரித்திருப்பார்.

காலையில் பாயை உதறினேன். அரிசி நொய் மாதிரி ஒன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பல்! பால்பல், ஒரு முனை கூர்மை, வேர்ப்பக்கம் வெற்றாக. டாக்டரிடம் ஓடினோம், வாயைத் திறந்து பார்த்தார், ஈறு சிவந்திருந்தது. மூன்றரை நாலு மாதத்தில் விழ ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் மாறுமாம். இருபத்தாறு போய் முப்பது வரும். கடிக்கும்போது வலித்திருக்கிறது, பாவம், நாம் திமிர் என்று வைதுகொண்டிருந்தோம். கூழாக அடித்துக் கொடுத்தோம், மத்தியானமே தட்டைக் காலி செய்தது. வலி மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், நம்ம பாரசிட்டமால் பூனைக்கு விஷம் என்று அவரைப் பார்த்து அழுத்திச் சொன்னார். இவர் சட்டைப்பையில் எப்போதும் மாத்திரை இருப்பதை மனிதர் எப்படிக் கண்டுபிடித்தாரோ.

இன்னொரு சேதியும் அங்கேதான் தெரிந்தது. இத்தனை நாள் இவர் "டேய் பேடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது பெண்ணாம். எனக்கு முதல் நாளே சந்தேகம்தான், அதனால்தான் மகாராணி என்று ஆரம்பித்தேன். அவருக்கு இன்னும் "டேய்" தான் வருகிறது.

விஜயா தை மாதம் தூத்துக்குடி வரலாம் என்கிறாள். நானும் வருவேன், பூனையை யார் பார்ப்பது என்பது ஒரு தனிப் பிரச்சினை, அத்தையிடம் விட்டால் கருவாடுதான்.

உன் தங்கை மகள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம்தானே படிக்கிறாள்? அவளிடம் ஒன்று கேட்டு எழுது. ஐந்தாறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம், இல்லாவிட்டால் அதற்குள்ளேயே குட்டி வயிற்றில் நிற்கும் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிறாக இருக்க வேண்டுமாம். இவ்வளவு சின்னதை எத்தனை மணிநேரம் பட்டினி போடலாம், முழிப்பு வந்ததும் முதலில் என்ன கொடுக்கலாம் என்று கேள். நம்ம டாக்டரிடமும் கேட்பேன், இருந்தாலும் இரண்டு இடத்தில் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும், உனக்குத்தான் தெரியுமே.

இப்படிக்கு,
உன் மல்லிகா