மடிக்கணினி விலைச் சீட்டில் விடுபடும் ஓர் எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளியையும் தைப்பொங்கலையும் ஒட்டித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் மடிக்கணினி விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம், கணினியின் மூளையான புரோசசரின் பெயருக்குப் பின்னால் வரவேண்டிய, 'யூ', 'எச்' போன்ற ஓர் ஆங்கில எழுத்தைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. "ஐ7, 8 ஜிபி, 512 ஜிபி" என்று புரோசசர், ரெம், சேமிப்பிடம் ஆகிய மூன்றும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்த ஓரெழுத்து மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஹட்டனில் பத்து வருடங்களுக்கு மேலாகத் திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுத்துப் பிழைப்பவன் என்ற வகையில், அந்த எழுத்து விடுபடுவதால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரும் நட்டத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். சில வருடங்களுக்கு முன்னர் சீட்டு எடுத்த பணத்தோடு கொழும்புக்குப் போய், "ஐ7 என்றால் எதையும் செய்யலாம் அண்ணே" என்று கடைத்தம்பி சொன்னதை நம்பி, பார்வைக்கு மெல்லியதாக இருந்த ஒரு மடிக்கணினியை வாங்கி வந்தேன். பொகவந்தலாவையில் இரண்டு கெமராக்களில் 4கே என்னும் மிகத் தெளிவான தரத்தில் எடுத்த கல்யாணத்தை டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக வைக்கும் பட்டையில்) போட்டபோது, கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளையின் கை மட்டும் பெண்ணின் கழுத்தருகே அசையாமல் நிற்கிறது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் தாலி கட்டி முடிந்து அட்சதை விழுந்துகொண்டிருக்கிறது. கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகமான ரெம்மையாவது கூட்டலாம் என்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்து, 8 ஜிபியும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதைக் காட்டிவிட்டு, காசு வாங்காமல் மூடிக் கொடுத்தார்.

இன்டெல் புரோசசர்களில் பெயரின் இறுதியில் 'யூ' என்ற எழுத்து வந்தால், அது பற்றரி நீடிப்பதற்காக ஏறக்குறைய 15 வொட் மின் அளவை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. 'எச்' என்று வந்தால் 45 வொட் அளவில், நீண்ட நேரம் கடும் வேலை செய்வதற்கென வடிவமைக்கப்பட்டது. புரோசசர்கள் வெளிவரும் வரிசையைத் தலைமுறை என்பார்கள். 13ஆம் தலைமுறையை எடுத்துக்கொண்டால், ஐ7-1355யூ என்பதில் வேகமான பெரிய கோர்கள் (வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்) 2, சிறியவை 8. அதே தலைமுறையின் ஐ5-13500எச் என்பதிலோ பெரியவை 4, சிறியவை 8. எனவே, எடிட் முடிந்த ஒரு மணி நேர வீடியோவை ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும் வேலையில் ஐ7 என்ற பட்டத்தோடு வரும் முதலாவது, ஐ5 என்று கடையில் கீழ்த்தட்டில் வைக்கப்பட்டிருக்கும் இரண்டாவதை விடப் பின்தங்கிவிடும். கணக்கெழுதுவதற்கும் இணையவழி வகுப்புக்கும் 'யூ' மிக நல்லது. அதை நான் குறை கூறவில்லை. வீடியோ எடிட்டிங்கிற்கு என்று கேட்டு வருபவரிடம் அதை எடுத்துக் கொடுப்பதுதான் பிழை.

வீடியோ ஏன் இத்தனை பாரமானது என்பதையும் சொல்ல வேண்டும். கெமராவும் கைத்தொலைபேசியும் எச்.264, எச்.265 என்னும் வீடியோச் சுருக்க முறைகளில் ஒவ்வொரு காட்சிச் சட்டத்தையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. முந்திய சட்டத்திலிருந்து என்ன மாறியது என்பதையே பெரும்பாலும் குறித்துவைக்கின்றன. நாம் டைம்லைனில் எங்காவது நடுவில் தொட்டால், அந்த ஒரு சட்டத்தைக் காட்டுவதற்குக் கணினி அதன் அயலிலுள்ள பலவற்றை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. இதற்கெனப் புரோசசருக்குள்ளும் படங்களைக் கையாளும் கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் தனிச் சுற்றுகள் உள்ளன. புதிய கெமராக்கள் தரும், நிற விவரம் கூடுதலாகக் கொண்ட 10 பிட் 4:2:2 வகை எச்.265 பதிவை, 11ஆம் தலைமுறை முதற்கொண்டு வந்த இன்டெல் மடிக்கணினிப் புரோசசர்களின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இலகுவாக அவிழ்க்கும். என்விடியா நிறுவனத்தின் தனி கிராபிக்ஸ் கார்டுகளுக்கோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும் வரை அந்த வசதி இருக்கவில்லை. ஆகவே தன் கெமரா எந்த வகைக் கோப்பைத் தருகிறது என்பதை அறிந்துகொண்டே ஒருவர் கடைப்படி ஏற வேண்டும்.

தனி கிராபிக்ஸ் கார்டின் அருமையை நான் உணர்ந்தது காமன்கூத்தில்தான். மாசி மாத இரவில், லயத்து முற்றத்தில், இரண்டு பல்புகளின் வெளிச்சத்தில் ரதியும் மன்மதனும் ஆடுவதை எடுத்துவந்து பார்த்தால் கறுப்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளைக் குறைப்பது, நிறம் திருத்துவது போன்ற வேலைகளைச் செய்வது கிராபிக்ஸ் கார்டே. அதிலும் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது: ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வொட்டிலிருந்து 115 வொட் வரை வெவ்வேறு அளவில் இயங்கும் மடிக்கணினிகள் உள்ளன. ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் அதன் சொந்த நினைவகம் 4 ஜிபியா, 6 ஜிபியா என்று கேட்க வேண்டும். பற்றரியில் இயங்கும்போது இவை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், கரண்ட் போனாலும் வேலை ஓடும் என்று நம்பியிருப்பதும் சரிவராது. குளிருக்காகக் கட்டிலில் கம்பளியின் மேல் வைத்து வேலை செய்யும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. காற்று வாங்கும் துளைகள் அடைபட்டால் நுவரெலியாக் குளிரிலும் கணினி கொதித்து வேகம் இறங்கிவிடும்.

ரெம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. 4கே வேலைக்கு 32 நல்லது. எப்படியும் பின்னர் கூட்டக்கூடிய துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேமிப்பிடத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது: செக்கனுக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் கெமரா ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி எடுக்கும், இரண்டு கெமராக்கள் மூன்று மணி நேரம் ஓடினால் 270 ஜிபி. 512 ஜிபியில் பாதி ஒரே கல்யாணத்தோடு போய்விடுகிறது. திரை 45 சதவீத என்டிஎஸ்சி (காட்டக்கூடிய நிறங்களின் அளவு குறைவு) என்றிருந்தால் தவிர்த்துவிடுங்கள். அதில் திருத்திய கூறைச் சேலையின் சிவப்பு, பெண் வீட்டாரின் டிவியில் வேறு சிவப்பாக இருக்கும்.

பாவித்த மடிக்கணினிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. 8ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கு முறைப்படி தகுதி பெறுவதில்லை. இருந்தும் 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினிகள் "எடிட்டிங்கிற்கு நல்லது" என்று இன்றும் விற்கப்படுகின்றன.

நல்ல கணினிக்கு வசதியில்லாத பிள்ளை தொழிலைக் கைவிட வேண்டியதில்லை. பெரிய கோப்புகளுக்குப் பதிலாகப் புரொக்ஸி என்னும் சிறிய பிரதிகளை வைத்து வெட்டி ஒட்டி, இறுதியில் மூலக் கோப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் முறை, இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசோல்வ் என்னும் எடிட்டிங் மென்பொருளின் பதிப்பிலேயே உண்டு. என் பழைய கணினியில் இரண்டு வருடங்கள் இப்படித்தான் ஓட்டினேன். அம்மாவின் தோட்டை அடகு வைத்துத் தவறான கணினியை வாங்குவதை விட, இருப்பதை வைத்து இப்படித் தொடங்குவது மேல் என்பதே என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. புரோசசரின் முழுப் பெயர், ரெம் கூட்டக்கூடியதா இல்லையா, கிராபிக்ஸ் கார்டின் வொட் அளவு ஆகிய மூன்றையும் விலைச் சீட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவரும் சொந்தப் பதிவை ஒரு பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க இடம் கொடுங்கள். தங்கள் பத்திரிகையும் இவ்வகை விளம்பரங்களை ஏற்கும்போது புரோசசரின் முழுப் பெயரைக் கேட்டு வாங்கி அச்சிடுமாயின், கடைசி எழுத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு நாங்கள் கொழும்புக்கு பஸ் ஏறலாம்.

இப்படிக்கு,
வீடியோத் தொழில் செய்யும் வாசகன்,
ஹட்டன்.