கடற்கரை மணலுக்கு அடியில் ஓடும் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் களுதாவளைக்காரன். சின்ன வயதில், மாரி முடிந்து தை பிறந்ததும் கரைவலைக்காரர் வாடிக்குப் பக்கத்தில் பூவல், அதாவது மணலில் சின்ன ஊற்றுக்குழி, தோண்டுவார்கள். அலை அடிக்கிற சத்தம் காதில் விழும் தூரம்தான், ஆனால் தண்ணீரில் உப்பு இருக்காது. சிரட்டையால் அள்ளிக் குடிப்போம்.

போன தையில் மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் கையால் தோண்டிப் பார்த்தேன். மேலே வெள்ளை மணல். முழங்கை ஆழத்தில் துருப்பிடித்த மாதிரி ஒரு செம்மஞ்சள் படை. அதற்கும் கீழே கருமணல், கூழ்முட்டை மணம். ஊறி வந்த தண்ணீர் வெறும் தேத்தண்ணியின் நிறம். "மாமா, இதையா குடிச்சீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வியால்தான் இந்த மடல்.

நிறத்தை மட்டும் பார்த்து அழுக்கு என்று சொல்லிவிட முடியாது. இலைகுழை, கண்டல் வேர், கரையொதுங்கிய பாசி எல்லாம் மக்கித் தண்ணீரில் கரைந்தாலும் அந்த நிறம் வரும். பள்ளிக்கூட மொழியில் சொன்னால் கரைந்த சேதனப் பொருள். மலசலகூடக் குழிகளிலிருந்தும் குப்பை புதைத்த கிடங்குகளிலிருந்தும் கசிந்து வருவதும் அதே வகைதான். எது எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நாம் குடியிருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்தபடி மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. அலை ஏறி இறங்கும்போது கடல்நீரும் மணலுக்குள் புகுகிறது. இரண்டும் கலக்கும் அந்த இடத்துக்கு 1999 இல் வில்லார்ட் மூர் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிலத்தடிக் கழிமுகம் என்று பெயர் வைத்தார். நமக்குத் தெரிந்த முகத்துவாரம் பாலமீன்மடுவில் இருக்கிறது. இதுவோ கண்ணுக்குத் தெரியாமல் கரை நெடுக நீளும் முகத்துவாரம்.

அங்கே நடக்கிற வேலைதான் நீங்கள் அறிய வேண்டியது. மணலில் வாழும் நுண்ணுயிர்களுக்குக் கரைந்த சேதனப் பொருளே சாப்பாடு. அதைத் தின்னும்போது முதலில் ஒட்சிசனைத் தீர்த்துவிடும். அப்புறம் நைத்திரேற்றைப் பிடித்து நைதரசன் வாயுவாக்கி விடும். நம் வெங்காயத் தோட்டங்களில் போட்ட யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்று கடலுக்குப் போகாமல் இடையில் குறைவது இப்படித்தான். அந்தச் செம்மஞ்சள் படையும் சும்மா இல்லை. மணலில் ஒட்டிய இரும்புத் துரு பொசுபேற்று என்ற உரச்சத்தையும் சேதனப் பொருளில் ஒரு பங்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாப்பாடு அளவுக்கு மிஞ்சினால் கதை மாறும். ஒட்சிசனும் நைத்திரேற்றும் தீர்ந்த பிறகு நுண்ணுயிர்கள் அந்தத் துருவிலேயே கை வைக்கும். இரும்பு கரையும், அது பிடித்து வைத்த பொசுபேற்றும் கூடவே கிளம்பும். கடல்நீரில் உள்ள சல்பேற்றையும் எடுக்கத் தொடங்கினால் வருவதுதான் கூழ்முட்டை மணமும் மணலின் கருநிறமும். கருமணல் இயற்கையாகவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

எங்கள் பக்கத்தில் ஒரு விடுதி, அடம்பன் கொடி படர்ந்த மணல்மேட்டை வெட்டிக் கழிவுக்குழி தோண்டியதைப் பார்த்தேன். அடி கட்டப்படவில்லை, வெறும் மணல்தான். கேட்டபோது, "கடல் பக்கத்திலதானே, தண்ணி உடனே வடிஞ்சிடும்" என்றார்கள். வடிகிற இடம்தான் நம் கரைவலை வளைக்கிற இடம்.

இன்னொன்று. வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரீன் போடுகிறோம். கிருமிக்கு அது வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சேதனப் பொருள் கூடிய தண்ணீரில் குளோரீன் சேர்ந்தால் திரைஅலோமெதேன் என்ற வேண்டாத சேர்வைகள் உண்டாகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை நல்ல எண்ணத்தோடுதான் திரும்பத் திரும்ப இறைத்தோம். இறைக்க இறைக்கக் கீழிருந்த உப்பு மேலே வந்தது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் உப்புநீர் சுமார் 40 அடி உயரும் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

அதனால் கேட்கிறேன். கரையோரக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, அடி திறந்த குழிக்கு இடம் கொடுக்காதீர்கள், அடைத்த தொட்டிதான் வேண்டும் என்று எழுதுங்கள். மணல்மேட்டில் குப்பை புதைப்பதை நிறுத்துங்கள். வாவிக்கரையிலிருந்து கடற்கரை வரை ஒரே நேர்கோட்டில் சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாரி முடிந்ததும் கோடை உச்சத்திலும் உப்பு, நைத்திரேற்று, கரைந்த சேதனக் காபன் மூன்றையும் அளக்கச் செய்யுங்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நீங்கள் எழுதிக் கேட்டால் மாணவர்களோடு வருவார்கள் என்று நம்புகிறேன்.

முதல் கிணறாக எங்கள் வளவுக் கிணற்றை எடுத்துக்கொள்ளலாம். எந்த நாள் வந்தாலும் வாளியும் கயிறும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
களுதாவளையிலிருந்து ஒருவர்