கடன் கொடுத்தவருக்குக் காப்பீடு, கட்டுவது நான்

பிலடெல்பியா,
அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? வீட்டுப் பத்திரம் எங்கள் பெயருக்குப் பதிவாகிவிட்டது, சாவியும் கைக்கு வந்துவிட்டது.

வீட்டு முன்பணத்துக்காக நீங்கள் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று உங்களிடம் எழுதி வாங்கியதில் உங்களுக்கு வருத்தம் என்று அம்மா சொன்னார். பெற்ற மகளுக்குக் கொடுத்ததற்குக் கையெழுத்து எதற்கு என்று கேட்டீர்களாம். அந்தத் தாளைக் கேட்டது நாங்கள் அல்ல, எங்களுக்கு வீட்டுக் கடன் கொடுப்பவர். முன்பணத்தில் உறவினர் பணம் இருந்தால் அது அன்பளிப்பா, கைமாற்றா என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். கைமாற்று என்றால் அதையும் சேர்த்துத்தான் எங்கள் சம்பளம் தவணையைத் தாங்குமா என்று கணக்குப் போடுவார்கள். அதற்கு மேல் அந்தக் கையெழுத்தில் ஒன்றும் இல்லை, அப்பா.

தம்பியிடம் நீங்கள் கேட்டதாகச் சொன்ன இன்னொரு கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். கடன் கொடுத்தவனுக்கு நஷ்டம் வராமல் இருக்க, வாங்கியவள் ஏன் காப்பீடு கட்ட வேண்டும்?

வீட்டின் விலை 2,40,000 டாலர். 20 சதவீதம் முன்பணம் போட்டால் சாதாரணக் கடனுக்கு இந்தக் காப்பீடு தேவையில்லை, ஆனால் அதற்கு 48,000 டாலர் வேண்டும். அவ்வளவு சேர்க்க எங்களுக்கு இன்னும் பல வருடங்கள் ஆகியிருக்கும், வாடகையும் ஏறிக்கொண்டே போகும். குறைந்த முன்பணத்தில் தனியார் காப்பீட்டுடனும் கடன் கிடைக்கும். ஆனால் அதற்குக் கிரெடிட் ஸ்கோர், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண், உயர்வாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். கடனே வாங்காமல் வாழ்ந்த எங்களுக்கு இந்த ஊரில் நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. இந்த இடத்தில்தான் அரசு துணைக்கு வந்து நிற்கிறது. எப்.எச்.ஏ. என்ற பெடரல் வீட்டுவசதி நிர்வாகம் நேரடியாகக் கடன் தருவதில்லை. "இவர்கள் கட்டத் தவறினால் உங்கள் நஷ்டத்தை நாங்கள் ஈடுசெய்கிறோம்" என்று கடன் கொடுப்பவருக்கு உறுதி தருகிறது. அந்த உறுதியை நம்பி 3.5 சதவீத முன்பணத்துக்கே, அதாவது 8,400 டாலருக்கே, கதவைத் திறந்தார்கள்.

அதற்கான விலையும் சிறியதல்ல. தொடக்கத்திலேயே கடன் தொகையில் 1.75 சதவீதம், எங்களுக்கு 4,053 டாலர், அசலோடு சேர்ந்துவிட்டது. அதுபோக ஆண்டுக்கு 0.55 சதவீதம். மாதத்துக்கு 106 டாலர் அளவில் வருகிறது. முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் கடன் தீரும்வரை இதைக் கட்ட வேண்டும், அல்லது பிற்பாடு வேறு கடனுக்கு மாற வேண்டும். நாங்கள் தவறினால் வீடு போவது போனதுதான், காப்பீடு எங்களைக் காப்பாற்றாது. இவ்வளவும் தெரிந்தே கையெழுத்திட்டோம், ஏனென்றால் இது இல்லாமல் எங்களைப் போன்றவர்களுக்கு நகரத்துக்குள் வீடு கிடையாது. கிரீன் கார்டு வந்ததும் நல்லதாகப் போயிற்று. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்று இந்த மே மாதத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் அதனால் பாதியில் நிற்கிறாள்.

எங்கள் வீடு மேற்கு பிலடெல்பியாவில் செங்கல் வரிசை வீடு. வாசல் படியில் சாயங்காலம் ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள், நம் தெருத் திண்ணைகளைப் போல. எப்.எச்.ஏ. விதிப்படி வீட்டைப் பார்க்க மதிப்பீட்டாளர் வந்தபோது பின்கட்டு ஜன்னல் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் உரிந்திருந்தது. 1978-க்கு முன் கட்டிய வீடுகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், குழந்தைகளுக்கு ஆபத்து. அதைச் சுரண்டி, புதிதாக அடித்து, அவர் மறுபடி வந்து பார்த்த பிறகே கடன் நகர்ந்தது. விற்றவர் சலித்துக்கொண்டார். எனக்கோ அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

ஆனால் இதே எப்.எச்.ஏ.வின் பழைய வரலாறு தெரிந்தபோது மனது கொதித்தது. 1930-களுக்கு முன்பு வீட்டு விலையில் பாதிக்கே கடன் கிடைக்கும், சில ஆண்டுகளில் அசலைப் புரட்டியாக வேண்டும். பொருளாதாரப் பெருமந்தத்தில் அப்படி வீடிழந்தவர்கள் ஏராளம். அதனால் 1934-இல் எப்.எச்.ஏ. வந்தது, நீண்டகாலத் தவணையும் வந்தது. ஆனால் யாருக்கு? கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களை ஆபத்தானவை என்று ஒதுக்கினார்கள். இன்னொரு அரசு அமைப்பு நகர வரைபடங்களில் அத்தகைய பகுதிகளுக்குச் சிவப்பே பூசியது. ஒரே இனத்தார் வாழ்ந்தால்தான் ஒரு பகுதியின் மதிப்பு நிலைக்கும் என்று எப்.எச்.ஏ.வின் கையேடே சொன்னது. சட்டம் இதைத் தெளிவாகத் தடுக்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் அந்தச் சட்டம் கையெழுத்தானது.

பக்கத்து வீட்டு அம்மாவின் பெற்றோருக்கு அந்தக் காலத்தில் எந்த வங்கியும் கடன் தரவில்லை. அவர்களுடைய தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தந்த பணத்தில் வாங்கிய வீட்டில்தான் அவர் இன்றும் இருக்கிறார். நேற்று வந்த எனக்கு அரசு உத்தரவாதம் நிற்கிறது, உழைத்துக் களைத்த அவருடைய அப்பாவுக்கு நிற்கவில்லை. இதை நினைக்காமல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நமக்கும் அது அந்நியமில்லை. தானே புயலில் ஓடு பறந்த பிறகு தளம் போட நீங்கள் கடன் கேட்டீர்கள். வீடு ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் இருக்கிறது, தனிப் பட்டா இல்லை என்று வங்கி கைவிரித்தது. அம்மாவின் நகை அடகுக்குப் போயிற்று, மீதிக்கு வட்டிக்கு வாங்கினீர்கள். உங்கள் நாணயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, இடத்தைத்தான் ஏற்கவில்லை. 2012-இல் நம் நாட்டிலும் குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக்கடனுக்கு உத்தரவாத நிதி ஒன்று தொடங்கினார்கள். காகிதம் சரியில்லாத தெருவுக்கு அதுவும் எட்டாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். தம்பி மாடி எடுக்கக் கடனுக்கு அலையும் முன்பு, பெரியப்பாவோடு கூட்டாக இருக்கும் பட்டாவை உட்பிரிவு செய்து தனியாக்க மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்து வைக்கட்டும். நிலம் அளக்க வரும்போது பெரியப்பாவும் இருப்பது நல்லது, அவரிடம் நீங்களே பேசுங்கள். செலவு எவ்வளவு என்று எழுதினால் அனுப்புகிறேன். அதற்குக் கையெழுத்து ஒன்றும் வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகள்