பாராட்டு வாரத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம்.

பிறருக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்ல நம் குடியிருப்பில் நடத்தி, டிசம்பர் 5-ஆம் தேதி நிறைவடைந்த பாராட்டு வாரத்துக்காக உழைத்தவர்களுக்கு, ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இதை அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்போகிறோம் என்று தெரிந்ததும், உங்களில் பலர் "என் பெயரைப் போட வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டீர்கள். அப்படியே ஆகட்டும். பெயர் இல்லாவிட்டால் என்ன? நீங்கள் செய்த வேலையைச் சொன்னாலே ஆள் யாரென்று இங்கிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்கப் பிடிவாதமாக நின்றவர்கள் நீங்கள்தானே.

முதல் நன்றி ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா அவர்களுக்கு. தொடக்கக் கூட்டத்தில் பேசப்பட்டது வேறு திட்டம். "சிறந்த குடியிருப்பாளர்" என்று வாக்கெடுப்பு நடத்துவது, முதல் மூவருக்குக் கேடயம் கொடுப்பது, சிறுவர்களுக்கு உதவிப் போட்டி வைத்துப் பரிசளிப்பது என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அம்மா எழுந்து, மழலையர் பள்ளி ஒன்றில் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்டது அது. படம் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆர்வமோ குறையவே இல்லை. "பரிசு காட்டி உதவி செய்யச் சொன்னால், பரிசு தீர்ந்த அன்றைக்கு உதவியும் தீர்ந்துவிடும். ஏற்கெனவே செய்தவர்களைத் தேடிப்பிடித்து நன்றி சொல்லுங்கள்" என்றார். வாக்கெடுப்பும் கேடயமும் அன்றோடு போயின. வாரம் நன்றாக அமைந்ததற்கு வேர் அந்தப் பத்து நிமிடப் பேச்சுதான் என்று நான் நம்புகிறேன்.

அடுத்து, நூலகத்தில் பெட்டி வைத்து அட்டைகளைச் சேகரித்த இளைஞர்களே, உங்களுக்கு. அட்டையில் மூன்று கேள்விகள் மட்டும் அச்சிட்டீர்கள்: யார்? எப்போது, என்ன செய்தார்? அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று? முதல் சில நாள்களில் வந்தவற்றில் பெரும்பாலானவை "தங்கமான மனிதர்", "எப்போதும் உதவுபவர்" என்ற அளவில் இருந்தன. அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ எழுதியவர்களின் கதவைத் தட்டி, "என்ன உதவி செய்தார், சொல்லுங்கள்" என்று உட்கார்ந்து கேட்டீர்கள். அதற்குப் பிறகு வந்தவைதான் அட்டைகள். லிஃப்ட் நின்றுபோன இரவில், பிரசவ வலியோடு இருந்த பெண்ணை நாற்காலியில் அமர வைத்து ஆறு மாடி இறக்கிய நான்கு பேர். பார்வை மங்கிய முதியவருக்கு வரும் கடிதங்களை வாரந்தோறும் வந்து படித்துக்காட்டும் கல்லூரி மாணவர். குப்பையோடு போய்விட்ட காது கேட்கும் கருவியை, மொத்தக் குவியலையும் கிளறித் தேடி எடுத்துத் தந்த துப்புரவுப் பணியாளர். விடியற்காலையில் மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்துபவர் இத்தனை ஆண்டுகளும் ஒரே ஆள்தான் என்பது, அட்டை வரும்வரை இங்கே எவருக்கும் தெரியாது. அது தானாக நிற்கும் மோட்டார் என்றே பலர் நினைத்திருந்தோம்.

அட்டைகளை அழகான கையெழுத்தில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் பதித்த தங்கைக்கும், அவற்றுக்குச் சட்டம் செய்து தந்த தச்சருக்கும் நன்றி. சுவர் யோசனையைக் கொண்டுவந்தவர் நூலகப் பொறுப்பாளர். லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற சிறு பூங்கா இருக்கிறது. ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் என்ற ஓவியர் 1887-இல் ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதி, பிறரைக் காப்பாற்றப்போய் உயிரிழந்த எளிய மனிதர்களுக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று கேட்டார். அந்தக் கோரிக்கைக்குப் பலன் கிடைக்காமல், கடைசியில் அவரே முன்னின்று அமைத்த நினைவிடம் 1900-இல் அந்தப் பூங்காவில் திறக்கப்பட்டது. அங்கே பீங்கான் ஓடுகளில் பெயரோடு செயலும் எழுதப்பட்டிருக்கிறது. எரியும் வீட்டிலிருந்து 1885-இல் மூன்று குழந்தைகளைக் காப்பாற்றித் தன் உயிரை இழந்த ஆலிஸ் ஏயர்ஸ் என்ற இளம்பெண்ணின் ஓடும் அவற்றில் ஒன்று. அந்தப் படங்களைக் காட்டிவிட்டு நூலகப் பொறுப்பாளர் சொன்னார்: "இதே மாதிரி எழுதுவோம். ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதுவோம். அவர்களே வந்து படிக்கட்டும்." மோட்டாரை நிறுத்துகிறவர் தன் அட்டைக்கு முன்னால் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சொல்லின் மதிப்பு தெரியும்.

கடிதம் எழுத வைத்தவர்களுக்குத் தனி நன்றி. "எனக்கு எழுத வராது", "இத்தனை நாள் கழித்து எழுதினால் என்ன நினைப்பார்களோ" என்று தயங்கியவர்கள் நிறையப் பேர். உளவியல் படிக்கும் தம்பி ஒருவர் வீடு வீடாகப் போய் ஒரே செய்தியைச் சொல்லிவந்தார். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் தங்கள் கடிதம் சங்கடத்தை உண்டாக்கும் என்று மிகையாகக் கணக்கிட்டிருந்தார்கள்; அது தரக்கூடிய மகிழ்ச்சியையும் வியப்பையும் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள். எழுதியவர்களுக்குத் தங்கள் சொற்கள் சரியாக அமைந்தனவா என்பது கவலை. பெற்றவர்கள் கவனித்ததோ அதில் இருந்த அன்பை. "அதனால் நடை பற்றிக் கவலை வேண்டாம், பேனாவை எடுங்கள்" என்பார் தம்பி. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர்களும், பெறுபவர் வேறு மொழிக்காரர் என்றால் அவருடைய மொழியிலேயே கடிதத்தை அமைத்துத் தந்தவர்களும், படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தைத் தொலைபேசியில் குரலாகப் பதிந்து அனுப்பியவர்களும் இந்தப் பத்திக்குள் இருக்கிறீர்கள்.

இப்போது நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் ஒன்றுக்கு வருகிறேன். பாராட்டப்படவேண்டியவர்களின் பட்டியல் தயாரானதும், அவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, "உங்களுக்கு எப்படி நன்றி சொன்னால் பிடிக்கும்?" என்று கேட்ட மூன்று பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் வேறெந்த விழாவிலும் கேட்டதில்லை. மேடைக்கு அழைத்துக் கைதட்டினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். கூட்டத்துக்கு முன்னால் நிற்பதே தண்டனையாக இருக்கும் மனிதர்களை நாம் யோசிப்பதில்லை. படிக்கட்டு துடைக்கும் அம்மாவுக்கு மேடை வேண்டாம். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு, "உன் தாய் இங்கே இப்படியெல்லாம் செய்திருக்கிறார்" என்று யாராவது ஒரு கடிதம் போட்டால் போதும் என்றார். பதினொரு குடும்பங்கள் எழுதின. இரவுக் காவலர், தன்னை வேலைக்கு அனுப்பிய நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு பாராட்டு போனால் நாளை இடமாற்றமோ பதவி உயர்வோ வரும்போது உதவும் என்றார். தேதி, சம்பவம், கையெழுத்து எல்லாவற்றோடும் அதிகாரபூர்வமான கடிதமாகவே அதைத் தயாரித்தீர்கள். இன்னொருவர் ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்றார். அவருடைய பணியைக் குடியிருப்பாளர்கள் முறை வைத்துச் செய்தார்கள், அவருடைய அன்றைய ஊதியமும் பிடிக்கப்படவில்லை. துடைப்பம் பிடித்தவர்கள் பிறகு படிக்கட்டில் எதையும் போடுவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தோட்டக்காரர் ஐயாவுக்கு மேடைக்கு வருவதில் தயக்கம் இல்லை. ஆனால் அவருக்குக் காது கேட்காது. கைதட்டல் அவரைச் சென்றடையாது என்று முதலில் எடுத்துச் சொன்னவள் அவருடைய மகள். காது கேளாதோர் பாராட்டைத் தெரிவிப்பது இரு கைகளையும் உயர்த்தி, விரல்களை விரித்து அசைத்துத்தான் என்பதைப் பள்ளி விட்டு வந்ததும் மாலை வேளைகளில் சிறுவர்களுக்கு அவள் கற்றுக்கொடுத்தாள்; சிறுவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றி என்பதற்கான சைகையையும் சேர்த்தே. விழா மாலையில் அவர் பெயர் திரையில் தெரிந்ததும் அத்தனை கைகளும் மேலே எழுந்து அசைந்தன. அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார், பிறகு தன் கைகளையும் உயர்த்தினார். தங்கையே, உன் தந்தைக்கு நாங்கள் செய்த மரியாதை அது. அதை முழுமையாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ.

முதியவர்களின் குரலைப் பதிவு செய்த பள்ளி மாணவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டிய அண்ணனுக்கும் நன்றி. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2003-இல் டேவ் ஐசே என்பவர் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்துத் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் முயற்சிதான் உங்களுக்கு முன்மாதிரி. அறிமுகமான இருவர் எதிரெதிரே உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசுவார்கள். பதிவு செய்தவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கிறார்கள். நீங்கள் அதே நாற்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு உதவியவர்களில் இன்னும் நன்றி சொல்லாமல் விட்டவர் யார்?" என்ற கேள்வியைக் கூடுதலாகச் சேர்த்தீர்கள். அந்தக் கேள்விக்கு வந்த பதில்களைக் கேட்டுவிட்டு, அவற்றில் சிலரைத் தேடிக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் இணைத்தும் வைத்தீர்கள். யாரும் சொல்லாமலே செய்தீர்கள்.

பணம் கொடுத்தவர்கள், நாற்காலி தூக்கியவர்கள், ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டவர்கள், விழா முடிந்த பிறகும் நின்று மைதானத்தைப் பெருக்கியவர்கள் அனைவருக்கும் நன்றி.

கூட்டத்தில் எல்லோரையும் ஒரு கணம் நிறுத்திய ஐயா ஒருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். "காவலர் அறையில் மின்விசிறி ஓடவில்லை. பணியாளர்களுக்கு உட்கார இடமில்லை. அதை விட்டுவிட்டுக் கைதட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டார். சிலருக்கு அது கசந்தது. எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. நியாயமான கூலிக்கும் ஓய்வுக்கும் பதிலாகப் பாராட்டை வைக்க முடியாது. அவற்றைக் கொடுத்துவிட்டுச் சொல்லும் நன்றிக்குத்தான் மதிப்பு. வாரம் தொடங்கும் முன்பே மின்விசிறி பழுது பார்க்கப்பட்டது, ஓய்வறை திறக்கப்பட்டது, நிலுவையில் இருந்த கூடுதல் பணிநேர ஊதியம் தீர்க்கப்பட்டது. ஐயா, அந்தக் கேள்வியை அடுத்த ஆண்டும் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

நிறைவு நாளாக டிசம்பர் 5-ஐத் தேர்ந்தெடுத்தவருக்கும் நன்றி. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985-இல் அந்த நாளைத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது. அதையொட்டி, நம் மாலை வகுப்புகளில் ஊதியமில்லாமல் பாடம் நடத்துபவர்களின் முன்னாள் மாணவர்களை அழைத்துவந்து ஒவ்வொருவரையும் ஒரே ஒரு வாக்கியம் பேச வைத்தீர்கள். அதற்கு மேல் பேசவிடாமல் பார்த்துக்கொண்டதற்கும் சேர்த்தே நன்றி. ஒரு வாக்கியம் என்று வரம்பு வைத்ததால்தான், "பின்னக் கணக்கு எனக்குப் புரிந்தது உங்கள் தாழ்வாரத்தில்தான்" என்பது போன்ற சொற்கள் கிடைத்தன.

பாராட்டை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதெல்லாம் எதற்கு, நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்" என்று நீங்கள் மறுத்தது எங்களுக்குத் தெரியும். கூச்சத்தோடு வந்தும், கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டும், அட்டையைப் படிக்க நின்றும் எங்கள் நன்றிக்கு இடம் கொடுத்தீர்கள். பல ஆண்டுகளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்ட நிம்மதி பல வீடுகளில் இருக்கிறது.

நூலகத்தில் உள்ள பெட்டி அங்கேயே இருக்கும். அட்டைகளும் பேனாவும் பக்கத்தில் இருக்கும். மாத இறுதியில் பெட்டியைத் திறந்து படிப்பதற்கு இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் இருவர் வேண்டும். குரல் பதிவுகளின் பிரதி வேண்டுவோர், பேசியவரின் சம்மதத்தோடு நூலகப் பொறுப்பாளரிடம் பெற்றுக்கொள்ளலாம். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் எழுதப்படாத கடிதத்தாள்கள் மீதம் இருக்கின்றன. யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
ஒருங்கிணைப்பாளர்,
பாராட்டு வாரக் குழுவுக்காக