பாஸ்கருக்கு, டீன் ஸ்மித்தைப் பற்றி

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர் ஆனதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் நாலு ஆட்டம் தோற்றதற்கே "இது நமக்குச் சரிப்படாது" என்று புலம்பியிருக்கிறாயே! படித்ததும் எனக்கு டீன் ஸ்மித் ஞாபகம்தான் வந்தது.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு 1961இல் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 30. 1965 ஜனவரியில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியிடம் செம அடி வாங்கிவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினால், ஜிம்முக்கு வெளியே அவருடைய கொடும்பாவி தொங்குகிறது. தொங்கவிட்டது சொந்த மாணவர்களே! பில்லி கன்னிங்ஹாம் என்ற ஆட்டக்காரர் பாய்ந்து போய் அதைப் பிய்த்து எறிந்தார். உனக்கு இன்னும் யாரும் கொடும்பாவி கட்டவில்லையே, அப்புறம் என்ன?

அதே மனிதர் 1997 வரை அங்கேயே இருந்து 879 ஆட்டங்கள் ஜெயித்தார். 1982, 1993இல் தேசியக் கோப்பை. 82 இறுதியாட்டத்தில் முதலாம் ஆண்டுப் பையன் மைக்கேல் ஜோர்டான் கடைசி நேரத்தில் போட்ட கூடையை எல்லாரும் சொல்வார்கள், அதை விடு. எனக்குப் பிடித்தது அவர் பழக்கிய வழக்கங்கள். கூடை போட்டவன், பந்து கொடுத்தவனை உடனே விரல் நீட்டிக் காட்ட வேண்டும். களைத்தவன் முஷ்டியை உயர்த்தினால் வெளியே எடுத்துவிடுவார். மூச்சு சீரானதும் அவனே சொல்லிவிட்டு உள்ளே போகலாம். களைப்பை மறைத்துக்கொண்டு மெத்தனமாக ஆடினால்தான் வம்பு. நம் காலத்தில் தண்ணீர் கேட்டாலே திட்டு விழும்!

1966இல் சார்லி ஸ்காட்டை அணிக்குக் கொண்டுவந்தார். உதவித்தொகையோடு அங்கே விளையாட வந்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான்.

எல்லாமே பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். முன்னிலை கிடைத்துவிட்டால் நாலு மூலையிலும் ஆளை நிறுத்தி, பந்தைக் கைமாற்றியே நேரத்தைக் கடத்துவார். பார்க்கிறவனுக்குக் கொட்டாவிதான். கல்லூரி ஆட்டத்துக்கு ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தாக வேண்டும் என்கிற கடிகாரம், வர அதுவும் ஒரு காரணம்.

2015 பிப்ரவரியில் இறந்தார். அடுத்த மாதம் பழைய ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய 180 பேருக்கு, ஆளுக்கு 200 டாலர் செக் தபாலில் வந்தது. வெளியே போய் நல்லா சாப்பிடுங்கள், என் செலவு என்று உயிலில் ஏற்பாடு செய்திருந்தாராம். நட்சத்திரத்துக்கும் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் ஒரே தொகை.

இங்கே எல்லாரும் நலம், என் முழங்காலைத் தவிர. அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று எழுது, வருகிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் டிபன் உன் செலவு.

அன்புடன்,
சேகர்