ஐந்து சதம் குறைந்த ஊரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ வட ஒன்ராறியோவில் இருக்கிற டிம்மின்ஸுக்குப் போய் மூன்று மாதமாகிறது. ஃபோன் எடுத்தால் "சாப்பிட்டியா, அங்கே எவ்வளவு குளிர்" என்று கேட்பதோடு என் கதை முடிந்துவிடுகிறது. மிச்சத்தை அம்மா கதைக்கிறா. நான் சொல்ல நினைப்பது ஃபோனில் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன கிழமை நீ அம்மாவிடம், "இந்த ஊரில் பனியையும் சுரங்கத்தையும் தவிர ஒன்றுமே இல்லை" என்று சொன்னாயாம். அப்போது எனக்கு ஒருவருடைய ஞாபகம் வந்தது. டிம்மின்ஸ் என்ற பெயரையே நான் அவரால்தான் முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

1991ஆம் ஆண்டு மாரிகாலம். நான் கனடாவுக்கு வந்து நாலைந்து மாதம். ரொறொன்ரோவில் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவினேன். கோப்பை குறைந்த நேரத்தில் உருளைக்கிழங்கு உரிக்க விடுவார்கள். கிழங்குச் சாக்கில் பிரின்ஸ் எட்வேர்ட் தீவு என்று அச்சடித்திருக்கும். அங்கே சமைத்தவர் கனடாவின் கிழக்குக் கரைப் பக்கத்து மனுஷன். அலுமாரித் தட்டில் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஒரு கசற் பிளேயர் வைத்திருந்தார். ஒருநாள் பிளேயரைக் காட்டினார், பிறகு நான் உரித்துக்கொண்டிருந்த கிழங்கைக் காட்டினார். இதைப் பற்றித்தான் அவன் பாடுகிறான் என்றார். 'பட் த ஸ்பட்' என்ற பாட்டு. தீவிலிருந்து ரொறொன்ரோவுக்குக் கிழங்கு ஏற்றி வருகிற ட்ரக் சாரதியின் கதை. எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. ஆனால் பாட்டுக்கு அடியில் டக், டக் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. மேளமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தன் சப்பாத்துக் குதியால் ஈரத் தரையில் அடித்துக் காட்டினார்.

நான் உரிக்கிற கிழங்குக்கு இந்த நாட்டில் ஒரு பாட்டு இருக்கிறது என்பதை அன்று இரவு பஸ்ஸில் வரும்போதும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பாட்டுக்காரர்தான் ஸ்டொம்பின் டொம் கொனர்ஸ். 1936இல் நியூ பிரன்ஸ்விக்கில் செயின்ற் ஜோன் என்ற ஊரில் பிறந்தவர். தாய்க்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, பதின்ம வயது. சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் நின்று, வருகிற வாகனத்தை மறித்து ஏறி ஊர் ஊராகப் போன தாய் அவ. பிறகு பிள்ளையை அவவிடமிருந்து பிரித்தார்கள். அநாதை இல்லம், அதற்குப் பிறகு பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் ஸ்கின்னர்ஸ் பொண்ட் என்ற கிராமத்தில் ஒரு குடும்பம் தத்தெடுத்தது. அங்கேயும் மனம் ஒட்டவில்லை. பதின்ம வயதிலேயே கிளம்பிவிட்டார். ஒரு கிற்றாரோடு கனடா முழுக்கப் பதின்மூன்று வருடம்போல அலைந்தார். கிடைத்த வேலை, கிடைத்த படுக்கை. டில்சன்பேர்க்கில் புகையிலை பறித்தார். முதுகு ஒடிகிற அந்த வேலைக்கும் பின்னாளில் பாட்டு எழுதினார்.

1964இல்தான் உன் ஊருக்கு வந்து சேர்ந்தார். மேப்பிள் லீஃப் ஹொட்டேலில் ஒரு பியர் கேட்டால் கையில் ஐந்து சதம் குறைகிறது. மது ஊற்றுகிறவர் கிற்றாரைப் பார்த்துவிட்டு, நாலு பாட்டுப் பாடு, பியர் தருகிறேன் என்றார். அந்த நாலு பாட்டு ஒரு வருடத்துக்கும் மேலே நீண்டது. அந்த ஹொட்டேலே அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. உள்ளூர் வானொலியிலும் பாடினார். இருபத்தெட்டு வயது வரைக்கும் எங்கேயும் நிற்காத கால் முதலில் நின்றது நீ "ஒன்றுமே இல்லை" என்கிற ஊரில்தான், பிள்ளை.

அந்தக் கால் அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுரங்க வேலை முடித்து வருகிறவர்கள் குடித்துக் கத்துகிற இடத்தில், மைக் இருந்தாலும் பாட்டு எடுபடாது. தாளம் தவறாமல் இருக்கவும், சத்தத்துக்கு மேலே கேட்கவும் குதியால் தரையை அடித்தார். மேடைகளின் தரை பழுதாவதாகச் சொன்னார்கள். சரி என்று ஒரு ஒட்டுப்பலகைத் துண்டைக் கொண்டு வந்து காலடியில் போட்டுக்கொண்டார். அடித்து அடித்துப் பலகை குழிந்துபோகும். அதைத் தூக்கிச் சனத்துக்கு முன்னால் மரத்தூளைத் தட்டுவார். நாட்டுக்கு நூறு வயதான 1967 ஜூலை 1ஆம் திகதி, பீற்றர்பரோவில் ஒரு மதுச்சாலைப் பரிமாறுபவர் அவரை மேடைக்கு அழைத்தபோதுதான் 'ஸ்டொம்பின் டொம்' என்ற பெயரே வந்தது.

பிறகு நான் ட்ரக் ஓட்டத் தொடங்கினேன். அந்தக் கசற்றுகளைத் தேடி வாங்கினேன். சட்பரியில் நிக்கல் சுரங்கக்காரரின் சனிக்கிழமை இரவைப் பாடியவர் அவர். சட்பரிக்கு நான் முதல்முறை சரக்கு ஏற்றிப் போனபோது, தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. இந்த நாட்டின் வரைபடத்தை எனக்குக் காட்டித் தந்தது அவர்தான். மூன்று ஆட்டப் பகுதிக்கு மூன்று சரணமாக அவர் எழுதிய ஹொக்கிப் பாட்டு உனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடிவிட்டு வந்து, சோற்றுக் கோப்பையில் கரண்டியால் தாளம் போடுவாய்.

அவரோடு எனக்கு உடன்பாடில்லாத விஷயமும் உண்டு. அவருக்குக் கனடாவின் இசை விருதான ஜூனோ ஆறு கிடைத்தது. 1978இல் ஆறையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைக்கிற பாடகர்களுக்கு ஏன் கனடா விருது என்பது அவருடைய சண்டை. அதோடு ஏறக்குறைய பத்து வருடம் மேடையை விட்டே விலகி இருந்தார். எல்லை தாண்டிப் பிழைக்கப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்களும் அப்படி வந்தவர்கள்தானே. டிம்மின்ஸில் வளர்ந்த பாடகி ஷானியா ட்வெயினும் அமெரிக்காவில் நாஷ்வில் போய்த்தான் உலகமறிய வந்தா, அதிலே என்ன பிழை? ஆனாலும் தாய்வீடு என்று ஒன்று இல்லாமல் வளர்ந்த ஒரு மனுஷன், இந்த மண்ணைப் பாடுகிறவனுக்கு இந்த மண்ணில் இடம் வேண்டும் என்று பத்து வருட வாழ்க்கையை விட்டுக்கொடுத்தது என் மனதை விட்டுப் போவதில்லை.

அவர் 2013 மார்ச்சில் இறந்தார், எழுபத்தேழு வயது. அன்று நான் ஒரு ஓய்வுத் தரிப்பிடத்தில் ட்ரக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இனி நான் சொல்ல வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ ஒரு பாட்டு எழுதினாய். மார்க்கம் வீதியும் லோறன்ஸும் சந்திக்கிற இடத்தில் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு அம்மாவைப் பற்றித் தமிழில் எழுதினாய். குசினி மேசையில் இருந்து கிற்றாரோடு பாடிக் காட்டினாய். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "மார்க்கம் வீதியை எல்லாம் வைத்து ஆர் பாட்டு எழுதுவினம்? சனம் கேட்கிற பாட்டாகப் படி" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. கிற்றாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கிழங்கு மூட்டைக்கு ஒரு பாட்டு இருந்ததால் இந்த நாட்டில் கால் ஊன்றினவன் நான். என் மகள் எங்கள் தெருவைப் பாடியபோது அதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிழை என்னுடையது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ போகும்போது கிற்றாரை எடுத்துக்கொண்டு போகவில்லை. பேஸ்மென்றில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நேற்று உறையைத் திறந்து பார்த்தேன். ஒரு கம்பி அறுந்திருக்கிறது, மாற்றக் கொடுத்திருக்கிறேன். ஈஸ்டர் லீவுக்கு நானும் அம்மாவும் அங்கே வருகிறோம். 700 கிலோமீற்றர், எனக்கு அது ஒரு தூரமில்லை. பின் சீற்றில் கிற்றார் வரும். அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டுவா.

அதற்கு முதல் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பாட்டில், பஸ் லோறன்ஸில் திரும்புகிற இடத்தில் அந்த அம்மா தன் கையுறையைக் கழற்றுகிற மாதிரி ஒரு வரி வரும். எவ்வளவு யோசித்தும் மிச்சம் எனக்கு வரவில்லை. அந்த வரியை ஃபோனில் பாடி அனுப்பு.

அன்புடன்,
அப்பா